நாலாவது முறையும் நாய்க்குட்டியோடு

மீன்காரரின் ஹோர்ன் வீதி முனையில் கேட்டது. ரப்பர்க் குமிழை அமுக்கி அடிக்கிற பழைய ஹோர்ன். "பாங், பாங்."

குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கிறிஸ்டினுக்கு முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. இனி என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். மாசி எங்கே படுத்திருந்தாலும் துள்ளி எழும்பும். சீமெந்துத் தரையில் நாலு காலும் நாலு திசைக்கு வழுக்க ஓடும். கேற்றில் போய் மூக்கை முட்டும். மீன்காரர் சைக்கிளை நிறுத்தி ஒரு சூடை மீன் தலையைப் போடும்வரை அந்த மனிசனை நகர விடாது.

ஹோர்ன் வாசலடிக்கு வந்து இன்னொரு தரம் அடித்தது.

வீட்டுக்குள் நகம் கீறும் சத்தம் ஒன்றையும் காணோம்.

"எங்கையக்கா என்ர சின்ன முதலாளி?" மீன்காரர் வெளியில் நின்று கேட்டார். "இண்டைக்கு லீவோ?"

கிறிஸ்டின் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்தாள். மாசி பிரம்புக் கதிரைக்குக் கீழே கிடந்தது. நித்திரை இல்லை, கண் திறந்திருந்தது. அவளைக் கண்டதும் கண்மணி மட்டும் மெல்லத் திரும்பியது. வால் அசையவில்லை. தாடைக்குக் கீழே தரை ஈரமாக இருந்தது.

மாசி இந்த வீட்டுக்கு வந்து ஏழு கிழமை. கணவர் ஹெக்டர் செத்து ஒன்றரை வருடமாகக் கதை பேச்சில்லாமல் கிடந்த வீட்டில் ஏதாவது ஒரு சத்தம் கேட்கட்டும் என்று மகள் டிலக்ஷிதான் சந்தையிலிருந்து தூக்கி வந்தாள். மாசிக் கருவாடு விற்கிற கடையின் வெறுஞ்சாக்குக்குள் படுத்துக் கிடந்த குட்டி. நிறமும் மாசி நிறம். பெயர் தேட வேண்டியிருக்கவில்லை.

அந்த ஏழு கிழமைக்குள் கிறிஸ்டின் குட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று முறை மிருக வைத்தியரிடம் ஓடியிருக்கிறாள். முதல் முறை விக்கல். ரெண்டாவது முறை இரத்த வாந்தி; டொக்டர் நப்லா அதை ஒரு குச்சியால் கிளறிப் பார்த்து, "பீற்றூட் கறி" என்றார். மூன்றாவது முறை பாயில் ஒரு பல் கிடந்தது. நாய்க்குட்டிக்கும் பால்பல் விழும் என்று நாற்பத்தாறு வயதுவரை அவளுக்கு ஒருவரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை பின்நேரம் தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது டொக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நாளைக்குக் கொஞ்சம் சோர்வா இரிக்கும் மிஸ். அதுக்குப் பயந்து ஓடி வந்திராதீங்க." டொக்டரின் உதவியாளர் நௌபர், நரைத்த தாடிக்காரர், மருந்து அலுமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்று சிரித்தார். முகம் தெரியாவிட்டாலும் தோள் குலுங்கியதைக் கிறிஸ்டின் கண்டாள்.

அதனால்தான் இன்று விடிந்ததும் தன்னுடைய போனை அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். டொக்டரின் இலக்கத்துக்கு விரல் தானாகப் போகக்கூடாது என்று.

"என்ன மச்சாள், தொடங்கீட்டீங்களோ?"

றொஷானி பக்கத்து வாசலால் வந்தாள். ஹெக்டரின் தங்கை, வீட்டின் மற்றப் பாதியில் குடியிருப்பவள். மூன்று பிள்ளை பெற்றவள். அந்த மூன்றையும் வைத்தே உலகத்திலுள்ள எல்லா வருத்தத்தையும் அளப்பாள்.

"எழும்புறானில்லை, றொஷானி. ஹோர்ன் அடிச்சும் எழும்புறானில்லை."

"ஊசி போட்ட பிள்ளை எழும்புமோ? என்ர மூண்டும் ஊசி போட்ட அடுத்த நாள் ஈரத்துணி மாதிரித்தான் கிடந்ததுகள்."

"எட்டே முக்கால் போல ஒருக்கா வாந்தியும் எடுத்தவன்."

"பீற்றூட்டோ?"

கிறிஸ்டினுக்குக் காது சுட்டது.

டிலக்ஷி அறை வாசலில் வந்து நின்றாள். பத்தொன்பது வயது. தலைமயிர் இன்னும் ஈரமாக முதுகில் ஒட்டிக் கிடந்தது. சனிக்கிழமைகளில் காலை ஆறு மணிக்குப் பெரிய கோயிலில் அவளுக்குப் பாட்டுப் பயிற்சி. மாசியையும் கூட்டிக்கொண்டு போய், எட்டரைக்குத் திரும்பி வந்து, வந்த கையோடு தலை முழுகுவாள்.

"கோயிலடியில என்னத்தையும் தின்றவனோ பிள்ளை?"

"இல்லையம்மா." மறுமொழி கொஞ்சம் அவசரமாக வந்தது. "பாட்டு முடியுமட்டும் மாதா கெபியடியிலதான் படுத்திருந்தவன். அது ஊசிச் சோர்வம்மா. டொக்டரே சொன்னவதானே."

"பாத்தீங்களோ? படிச்ச பிள்ளை சொல்லுது," என்றாள் றொஷானி. "நில்லுங்கோ, என்ர கடைசியின்ர காய்ச்சல் பாணி கிடக்கு. அரைக் கரண்டி விட்டா மத்தியானத்துக்கு எழும்பி உங்கட செருப்பைத் தின்பான்."

"நாய்க்கு அதைக் குடுக்கலாமோ?"

"பச்சைப் பிள்ளைக்கு ஆகிறது நாய்க்கு ஆகாதோ? நல்ல கதை!"

அவள் போன வேகத்தில் போத்தலோடு வந்தாள். குந்தியிருந்து, குழந்தைக்கு விடுவதைப் போலவே, மாசியின் தாடையைப் பிடித்துக் கரண்டியைச் சரித்தாள். ரோஸ் நிறப் பாணி. சீனி போட்ட எதைக் கண்டாலும் கரண்டியையும் சேர்த்து விழுங்கப் பார்க்கிற குட்டி அது.

பாணி நாக்கின்மேல் தேங்கி நின்றது. பிறகு கடைவாயால் அப்படியே வழிந்து தரைக்கு வந்தது.

"துப்புறான் கள்ளன்," என்று சிரித்தாள் றொஷானி.

கிறிஸ்டின் சிரிக்கவில்லை. குனிந்து பார்த்தாள். துப்புவதென்றால் நாக்கு அசைய வேண்டும். அந்த நாக்கு அசையவேயில்லை.

"துப்பேல்லை," என்றாள். "விழுங்க ஏலாமக் கிடக்கிறான்."

அவள் குட்டியை ரெண்டு கையாலும் தூக்கித் தரையில் நிறுத்தினாள். முன்னங்கால் ஒரு கணம் தாங்கியது. பின்பாதி அப்படியே சரிந்து விழுந்தது, கழற்றிப் போட்ட சட்டையைப் போல.

மூன்றாவது முறை, பல்லைக் கையில் வைத்துக்கொண்டு வெட்கப்பட்டு நின்றபோது டொக்டர் நப்லா சொல்லியிருந்தார்: "வாந்தி எடுத்தும் ஓடித் திரிஞ்சா நீங்க பேசாம இருங்க மிஸ். அவனுக்கு உசிரான ஒண்டைக் கண்டும் எழும்பாம கிடந்தா, வாயைத் திறந்து பல்லுக்கு மேல முரசைப் பாருங்க. விரலால அமத்தி விட்டா உடன திரும்பவும் சிவக்கணும். சிவக்கல்லையா, யோசிக்கவே வேணாம்."

கிறிஸ்டின் மாசியின் மேலுதட்டைத் தூக்கினாள். முரசு பழைய மெழுகுதிரி நிறத்தில் இருந்தது. விரலால் அமத்தினாள். விட்டாள்.

சிவக்கவில்லை.

ஹெக்டருக்கும் ஒரு கரண்டிதான் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை, நெஞ்சு அமத்துது என்று அவர் சொன்னபோது, இஞ்சிச் சாற்றில் ஒரு கரண்டி. வாயுதான், பூசை முடியட்டும், பிறகு பாப்பம் என்றாள். அவரும் ஓமென்றார். சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளுக்குக் கீழே இருபத்தெட்டு வருடம் வேலை செய்த மனிசன். ஒரு நாளும் மெடிக்கல் லீவு எடுக்காதவர். பூசை முடிந்து வந்தபோது கதிரையில் இருந்தபடியே குளிர்ந்து போயிருந்தார். கடல் பொங்கி வந்த வருடம் அவளுடைய தங்கையைக் கொண்டுபோன தண்ணீர் ஒரு நிமிடமும் தரவில்லை. ஹெக்டருக்கு ரெண்டு மணித்தியாலம் கிடைத்தது. அதை அவள் கோயில் வாங்கில் இருந்து கழித்தாள்.

"டிலக்ஷி, உன்ர போனை எடு. நௌபருக்கு அடி."

"மச்சாள், நாலாவது முறை!" றொஷானி கையை விரித்தாள். "ஊர் சிரிக்கப்போகுது."

"சிரிக்கட்டும். பிழையெண்டா ஐஞ்சாவது முறையும் போவன்."

போனில் நௌபரின் குரல் கேட்டது. "சொல்லுங்க மிஸ். இண்டைக்கு என்ன, கொட்டாவியா?"

கிறிஸ்டின் மகளின் கையிலிருந்து போனைப் பறித்தாள். "விழுங்க ஏலாமக் கிடக்கிறான். பின்னங்கால் நிக்குதில்லை. முரசை அமத்தினா வெள்ளையாவே கிடக்குது."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.

"உடன கொண்டு வாங்க. டொக்டர் இரிக்கா."

எதிர்வீட்டு ஸெய்னுதீன் நானா தன் ஓட்டோவுக்குள்ளேயே இருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். கிறிஸ்டின் துவாயில் சுற்றிய குட்டியோடு ஓடி வருவதைக் கண்டதும் கோப்பையை மதிலில் வைத்தார்.

"நானா, மடத்தடிக்கு. கெதியா. மூச்சு விடக் கஷ்டப்படுறான்."

அவர் குட்டியைப் பார்த்தார். துவாயை நனைத்துக்கொண்டு எச்சில் சொட்டிக்கொண்டிருந்தது. கிறிஸ்டினுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. நாயின் எச்சில் பட்டால் அவருக்கு அது சாதாரண அழுக்கு இல்லை. மற்ற மூன்று முறையும் அவள் ஜங்ஷன் வரைக்கும் நடந்து போய் வேறு ஓட்டோதான் பிடித்தாள்.

"ஐயோ நானா, மறந்து போனன். எச்சில் படும். நான் வேற ஆளைப் பிடிக்கிறன்."

"வேற ஆள் வந்து சேர மட்டும் அது மூச்சப் பிடிச்சிட்டு இரிக்குமா?" அவர் கிக்கரை இழுத்தார். "ஏறுங்க தங்கச்சி. ஏழு தரம் கழுவுனா முடிஞ்சிது. அதுல ஒரு தரம் மண்ணால. கடலோரத்து ஊரில மண்ணுக்கா பஞ்சம்?"

டிலக்ஷியும் மற்றப் பக்கத்தால் தொத்தி ஏறினாள். றொஷானி பாணிப் போத்தலோடு கேற்றடியில் நின்று, "இதையும் டொக்டரிட்டைச் சொல்லுங்கோ மச்சாள், நான் குடுத்தனான் எண்டு சொல்லுங்கோ," என்று கத்தினாள். 

ஓட்டோ துறைமுகத்தை வலப்பக்கம் விட்டுவிட்டுப் பறந்தது. ஸெய்னுதீன் நானா அடித்த ஹோர்னுக்கு ஒரு லொறியே ஒதுங்கியது. மணிக்கூட்டுக் கோபுரத்தைத் தாண்டியதும் எல்லாம் நின்றது.

மான்கள்.

பத்துப் பதினைந்து இருக்கும். நகர சபையே தங்களுடையது என்பதைப் போல நடுவீதியில் நின்று, யாரோ கொட்டிய மரக்கறிக் கழிவைத் தின்றுகொண்டிருந்தன. கொம்பன் ஒன்று ஓட்டோவின் முன்கண்ணாடியைப் பார்த்தபடி அசை போட்டது.

"ஓய்! விலகுங்க! உங்கட ஆளுதான் உள்ளுக்கு!" ஸெய்னுதீன் நானா பாதி உடம்பை வெளியில் விட்டுக் கத்தினார். "நாலு கால் ஆளு! வழி விடுங்க!"

இன்னொரு நாள் என்றால் கிறிஸ்டின் சிரித்திருப்பாள். அவளுடைய உள்ளங்கை மாசியின் நெஞ்சில் இருந்தது. ஒரு மூச்சு. பிறகு வெறுமை. அவள் ஆறு எண்ணிய பிறகு அடுத்த மூச்சு. குட்டியின் கண்கள் மட்டும் அவளை விடாமல் பார்த்தன.

டிலக்ஷி கீழே குதித்து, துப்பட்டாவைச் சுழற்றிக்கொண்டு மான்களுக்குள் ஓடினாள். "போ! போ!" மான்கள் சிதறின. ஓட்டோ அவளுக்குப் பக்கத்தில் மெதுவாகிய கணத்தில் அவள் ஓடியபடியே பாய்ந்து ஏறினாள்.

இவளுக்கு இந்த வேகம் எப்போது வந்தது என்று கிறிஸ்டின் ஒரு கணம் நினைத்தாள். ஒரு கணம்தான்.

டொக்டர் நப்லா வாசலிலேயே கையுறையோடு நின்றார். குட்டியை வாங்கி மேசையில் கிடத்தி, கண்ணுக்கு வெளிச்சம் அடித்து, நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். பின்னங்கால் விரலைக் கிள்ளினார். கால் இழுக்கவில்லை.

"நல்ல வேளை வந்தீங்க," என்றார். அதைச் சொன்ன முகத்தில் நேற்றைய சிரிப்பு இல்லை.

"ஊசியாலயோ டொக்டர்?"

"ஊசி ஒத்துக்கலண்டா நேத்தே காட்டியிரிக்கும். இது வேற. என்னமோ நஞ்சு உள்ளுக்குப் போயிரிக்கி. என்னண்டு தெரியாம மருந்து குடுக்க ஏலாது. வீட்டில எலிப் பாசாணம் வெச்சீங்களா? பூச்சி மருந்து? தவளையக் கடிச்சானா?"

"இல்லை. ஒண்டுமில்லை. மச்சாள் அரைக் கரண்டி காய்ச்சல் பாணி விட்டவ, அதுவும் வெளியிலதான் வந்தது."

"அது கூடாதுதான். ஆனா அதுக்கு முந்தியே இவன் விழுந்திட்டானே. காலையில எங்க போனான்?"

"கோயிலுக்கு," என்றாள் கிறிஸ்டின் உறுதியாக. "மகளோட. கெபியடியில படுத்திருந்திட்டு நேர வீட்டுக்கு வந்தவன். வேறெங்கயும் போகேல்லை. என்ர பிள்ளை எனக்குப் பொய் சொல்லமாட்டா."

டொக்டர் டிலக்ஷியைப் பார்த்தார். நௌபர் ஊசிக் குழாயோடு காத்து நின்றார். மேசையில் மாசியின் நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கி, பிறகு நீண்ட நேரம் சும்மா கிடந்தது.

"கோயிலுக்குப் போகேல்லை," என்றாள் டிலக்ஷி.

கிறிஸ்டின் திரும்பினாள்.

"கடற்கரைக்குப் போனனாங்கள். ஒல்லாந்தர் குடாவுக்கு." அவள் தாயைப் பார்க்காமல் டொக்டரைப் பார்த்தே சொன்னாள், மூச்சு வாங்காமல். "கரைவலை இழுத்து முடிஞ்சு, வேண்டாமெண்டு கழிச்சு எறிஞ்ச மீன் மணலில கிடந்தது. அதுக்குள்ள ஒரு பேத்தை. வயிறு ஊதினபடி. பந்தெண்டு நினைச்சு உருட்டி விளையாடினவன். நான் பறிச்சுத் தூர எறிஞ்சனான். வயித்துப் பக்கம் கொஞ்சம் கிழிஞ்சிருந்தது. இவன்தான் கடிச்சதெண்டு நான் நினைக்கேல்லை டொக்டர். சத்தியமா நினைக்கேல்லை."

"எத்தனை மணி?"

"எட்டேகால் இருக்கும்."

"நௌபர் நானா! குழாய்! ஒக்சிசன்! காத்துப் பை!"

பேத்தையைத் தெரியாதவர் திருகோணமலையில் இல்லை. வலைக்காரர்கள் அதைக் காலால் கூட ஒதுக்காமல், மண்வெட்டியால் அள்ளி எறிவார்கள். அந்த மீனின் நஞ்சு நாக்கில் தொடங்கி, காலுக்கு இறங்கி, கடைசியில் நெஞ்சுக்கு வரும். 

குட்டியின் தொண்டைக்குள் மெல்லிய குழாய் ஒன்று இறங்கியது. இன்னொரு குழாய் வயிற்றுக்கு. அதற்குள் கறுப்பாகக் கரிக் கரைசல் போனது. காலில் சேலைன். டொக்டரின் கைகள் மூன்று பேருடைய கைகளைப் போல ஓடின.

"இதுக்கு மாத்து மருந்து கிடையாது," என்றார் நிமிராமலே. "நஞ்சு இறங்குற மட்டும் இவனுக்காக நாங்கதான் மூச்சு விடணும். வாந்தி எடுத்தது நல்லம், கொஞ்சம் வெளிய போயிரிக்கும். இன்னும் அரை மணித்தியாலம் வீட்டில வெச்சிருந்தீங்கண்டா என்னட்ட ஒண்டும் இல்ல."

கிறிஸ்டினின் காதில் அந்த அரை மணித்தியாலம் விழுந்தது. அது உள்ளே போய் எங்கோ உட்கார்ந்துகொண்டது.

காற்றுப் பையை முதலில் நௌபர்தான் அமுக்கினார். இருபது நிமிடம் போயிருக்காது, வெளியே ஒரு ஆடு கத்தியது. வயிற்றுக்குள் குட்டி குறுக்கே நிற்க, கிண்ணியாவிலிருந்து கொண்டு வந்திருந்தார்கள். டொக்டர் ஓட வேண்டியதாயிற்று. நௌபரும் ஓட வேண்டியதாயிற்று.

"மிஸ், இங்க வாங்க. இப்பிடி. மூண்டு எண்ணி ஒருக்கா அமத்துங்க. பலமா வேணாம், ஒரு பேக்கரிப் பணிஸ் அமத்துற மாதிரி. நிப்பாட்டக்கூடாது. எது நடந்தாலும் நிப்பாட்டக்கூடாது." டொக்டர் வாசலில் நின்று டிலக்ஷியைப் பார்த்தார். "நீங்க அவனோட கதைங்க. அவனுக்கு அறிவு தெளிவா இரிக்கி. அசையத்தான் ஏலாது. எல்லாம் கேக்கும். தனிய எண்டு நினைச்சுப் பயந்தா நெஞ்சு இன்னும் அடிச்சுக்கும்."

அவர்கள் போய்விட்டார்கள்.

"ஒண்டு, ரெண்டு, மூண்டு." கிறிஸ்டின் அமுக்கினாள். குட்டியின் சின்ன நெஞ்சு எழும்பியது. விட்டாள். தாழ்ந்தது.

டிலக்ஷி மேசையில் கன்னத்தை வைத்து, மாசியின் காதுக்குக் கிட்டப் போனாள்.  

"மாசி. என்ர குட்டி. பயப்பிடாதை. நாங்கள் சனிக்கிழமை போறமெல்லே, அதை நினை. என்னை நீந்தப் பழக்க நிரோஜினி அக்கா வந்து நிப்பா. நீ அவவின்ர துவாயில படுப்பாய். நான் தண்ணிக்குள்ள இறங்கினா நீ குலைப்பாய். முதல் நாள் நான் முழங்காலுக்கு மேல போகேல்லை, நினைவிருக்கோ? நீ அழுதாய். நானும் அழுதனான்."

"ஒண்டு, ரெண்டு…"

கிறிஸ்டினின் கை ஒரு நொடி பிந்தியது. அமுக்கினாள்.

"இப்ப நான் அந்த மஞ்சள் மிதவை மட்டும் போய்த் திரும்புறனெல்லே. நிரோஜினி அக்கா சொல்லுறா, எனக்குப் பயம் போகேல்லையாம், ஆனால் பயத்தோட நீந்தப் பழகீட்டனாம். புதன்கிழமை உப்புவெளியில சோதினை. முந்நூறு மீற்றர். பாஸ் பண்ணினா கடற்கரைக் காவலில வேலை. தாழுற ஆக்களை இழுத்து வாற வேலை. நீயும் வரவேணும். நீ கரையில நிண்டு குலைச்சாத்தான் எனக்குக் கரை எங்கையெண்டு தெரியும்."

"…மூண்டு."

கத்த வேண்டும் போல இருந்தது கிறிஸ்டினுக்கு. எடியே, எந்தக் கடல் என்று தெரியுமோ உனக்கு, அது உன்ர சின்னம்மாவை எப்படித் திருப்பித் தந்தது என்று தெரியுமோ? பையை வீசிவிட்டு இவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. வீச முடியாது. அவளுடைய ரெண்டு கையும் குட்டியின் மூச்சாக இருந்தன. வாயையும் எண்ணிக்கைக்குக் கொடுத்தாயிற்று.

"ஒண்டு. ரெண்டு. மூண்டு."

"அம்மாட்டைச் சொல்ல ஏலாது மாசி. அம்மா கடல் தெரியிற பக்கமாக் கதிரை போட்டுக்கூட இருக்கமாட்டா. அதுதான் பாட்டு எண்டு சொன்னனான். நான் சொன்ன பொய்யாலதான் நீ இப்பிடிக் கிடக்கிறாய். வீட்டில அம்மா கேட்ட உடனயே சொல்லியிருக்க வேணும். பேத்தையை நினைச்சனான். ஊசிதான், ஊசிதான் எண்டு எனக்கு நானே சொன்னனான்." அவளுடைய கண்ணீர் குட்டியின் காதுக்குள் விழுந்தது. காது அசையவில்லை. "எழும்படா. எழும்பினா நானே சொல்லுறன். கோயிலில நிண்டு மைக்கில சொல்லுறன்."

"ஒண்டு," என்றாள் கிறிஸ்டின்.  "ரெண்டு."

மணி பன்னிரண்டாகியது. ஆட்டுக்கு ரெண்டு குட்டி பிறந்து, நௌபர் திரும்பி வந்து கொஞ்சம் அமுக்கினார். பிறகு டிலக்ஷி அமுக்கினாள். பிறகு மீண்டும் கிறிஸ்டின். கை மரத்தது. மற்றக் கைக்கு மாற்றினாள். தாயும் மகளும் எண்ணிக்கொண்டே இருந்தார்கள்.

ஒன்றே கால் இருக்கும். கிறிஸ்டின் "ரெண்டு" என்று சொல்லும்போது, அமுக்குவதற்கு முந்தியே, நெஞ்சு எழும்பியது.

அவள் எண்ண மறந்தாள்.

"டொக்டர்!"

டொக்டர் நப்லா ஓடி வந்தார். மாசியின் நெஞ்சில் கையை வைத்தார். "விடுங்க. பைய விடுங்க மிஸ். பாப்பம்."

கிறிஸ்டின் கையை எடுத்தாள். ஒருவரும் அசையவில்லை. சுவர் மணிக்கூடு மட்டும் அடித்தது. ஒரு நொடி. ரெண்டு. மூன்று. நாலு.

நெஞ்சு தானாக ஏறியது. தானாக இறங்கியது. மறுபடி ஏறியது.

"எடுக்கிறான்!" நௌபர் தாடி நடுங்கக் கத்தினார். "மிஸ், எடுக்கிறான்! தானா எடுக்கிறான்!"

டொக்டர் மேலுதட்டைத் தூக்கி விரலால் அமத்தி விட்டார். வெளிறிய இடத்தில் மெல்ல, மிக மெல்ல, ஒரு ரோஸ் நிறம் ஊறி வந்தது. டிலக்ஷி தரையில் குந்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கிறிஸ்டினும் அழுதாள், சிரித்தாள்; எது எதுவென்று பிரிக்க முடியாமல் கிடந்தது.

"இன்னும் கரை ஏறல்ல," என்றார் டொக்டர். "பின்னேரம் மட்டும் இங்கயே இரிக்கட்டும். கால் வரணும், விழுங்கணும். ஆனா மூச்ச அவன் கையில எடுத்துட்டான்." பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "மிஸ், எப்பிடிக் கண்டுபிடிச்சீங்க? எல்லாரும் ஊசியெண்டு சொல்லயும்?"

"ஹோர்னுக்கு எழும்பேல்லை. பாணியை விழுங்கேல்லை," என்றாள் கிறிஸ்டின். "பிறகு நீங்கள் சொன்ன முரசு."

"அப்ப மத்த மூணு தரமும் வந்தது வீண் இல்ல."

வாசலில் ஸெய்னுதீன் நானாவின் தலை தெரிந்தது. தொழுகை முடித்து, தொப்பியோடு, சாரத்தின் கீழ்ப்பக்கம் நனைந்தபடி நின்றார். "என்ன தங்கச்சி, ஆளு எப்பிடி?"

"மூச்சு விடுறான் நானா!"

"அல்ஹம்துலில்லாஹ்! வண்டிய இப்பதான் ஏழு தரம் கழுவி முடிச்சன். பரவாயில்ல. வீட்டுக்கும் நானே கொண்டுபோறன். இன்னொரு ஏழு. வண்டியும் கண்ணாடி மாதிரி ஆகிரும்."

எல்லாரும் சிரித்தார்கள். றொஷானி அதற்குள் டிலக்ஷியின் போனுக்கு ஒன்பது தரம் அடித்திருந்தாள். நௌபர் அவளுக்குச் செய்தி சொல்ல வெளியே போனார். டொக்டர் ஆட்டைப் பார்க்கப் போனார்.

அறையில் தாயும் மகளும் குட்டியும் மிஞ்சினார்கள்.

டிலக்ஷி எழும்பி நின்றாள். ஏச்சை வாங்குவதற்குத் தோளைச் சுருக்கிக்கொண்டு, பத்து வயதுப் பிள்ளையைப் போல நின்றாள். காலையில் மான்களுக்குள் பாய்ந்து ஓடியவளும் இவள்தான். கிறிஸ்டின் அவளுடைய கைகளைப் பார்த்தாள். தோளில் புதிதாக ஏறியிருந்த உருட்சியைப் பார்த்தாள். இதையெல்லாம் இவ்வளவு நாளும் எங்கே வைத்து மறைத்தாள்?

"புதன்கிழமை," என்றாள் கிறிஸ்டின், "எத்தனை மணிக்கு?"

"காலமை ஆறரைக்கு." டிலக்ஷி நிமிர்ந்தாள். "ஏனம்மா கேக்கிறீங்கள்?"

 போய்க் கையைப் பிடித்து இழுத்து வரவா, கரையில் போய் நிற்கவா, எதற்காகக் கேட்டோம் என்று கிறிஸ்டினுக்கே பிடிபடவில்லை. அவளுடைய வலது கை மட்டும், மேசைக்கு மேலே, ஒன்றுமில்லாத இடத்தை மூன்று எண்ணி ஒருமுறை இன்னும் அமுக்கிக்கொண்டிருந்தது.